‘வெளியேறு’ என்றொரு பொத்தான்

பதுளை பஸாரில் நான் கம்ப்யூட்டர் பார்க்கிற புடவைக்கடையில் ஓர் அக்காவின் வேலையே போகப் பார்த்தது, ஒரேயொரு தமிழ்ச் சொல்லால். அந்தச் சொல்லை மெஷினில் போட்டவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

கடையில் ஆளாளுக்குத் தனிப் பேர், தனிப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தவன் நான்தான். சேல்ஸ்காரர்கள் பில் மட்டும் போடலாம். வாடிக்கையாளரின் போன் நம்பர், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்கிற விவரமெல்லாம் பார்க்க முதலாளிக்கும் அக்காவுக்கும் மட்டுமே அனுமதி. அக்கா நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கம்ப்யூட்டரைத் திறப்பார். அதுவரை எல்லாம் கச்சிதம். சாயந்தரம் மூடும்போதுதான் வம்பு. திரையின் மூலையில் ஒரு பொத்தான்: ‘வெளியேறு’.

“ஐயய்யோ, விளக்கு வைக்கிற நேரத்துல கடைக்குள்ள அந்தச் சொல்லா? மகாலட்சுமி காதுல விழுந்தா என்னாகுறது தம்பி?” என்பார் அக்கா.

நம்ம ஆட்கள் விஷயம் தெரியும்தானே. வாசல் தாண்டும்போது யாரும் ‘போறேன்’ என்பதில்லை. தெருமுனைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேன்’தான். அக்கா திரையை மட்டும் அணைத்து, ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்புவார். யார் வந்து திரையைப் போட்டாலும் அக்கா பேரிலேயே எல்லாம் திறந்து கிடக்கும். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் காலையில் எங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் எதிர்க்கடையிலிருந்து செய்தி: ‘உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குத் தள்ளுபடி.’ முதலாளியின் சம்சாரத்துக்கும் வந்தது! மனுஷன் கொதித்துப்போய் என்னைக் கூப்பிட்டார். பட்டியலை யார் எடுத்தது என்று மெஷினில் பார்த்தேன். அக்காவின் பேர் இருந்தது.

“சோறு போட்ட கடைக்கே இப்படியா? இனி உனக்கு இங்க வேலை இல்ல!” என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார் முதலாளி.

அக்கா அழவில்லை. “நான் எடுக்கலைங்க” என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய், “போறேங்க” என்றார்.

பூப்போட்ட சீத்தைத் துணி வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். அந்த அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லா!

அப்போதுதான் திரையில் அக்கா பேருக்குப் பக்கத்திலிருந்த தேதி கண்ணில் பட்டது. “முதலாளி, இது போன ஞாயிறு மத்தியானமுங்க! அன்னைக்கு நாமெல்லாம் எங்க இருந்தோம்?”

அக்கா மகளின் சடங்கில், அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் போட்ட பந்தலில். முதலாளி பாயாசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிக் குடித்தார், ஊற்றியதே அக்காதான். வயிற்றுவலி என்று சொல்லிக் கடையிலேயே தங்கிய சேல்ஸ்காரர் ஒருத்தர் மட்டும் வரவில்லை. அவர் அந்த வாரம்தான் எதிர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார்.

முதலாளிக்கு முகம் செத்துப்போய்விட்டது. விறுவிறுவென்று வாசலுக்குப் போய் அக்காவின் கையிலிருந்த பையை வாங்கினார். “கோவத்துல புத்தி கெட்டுப்போச்சும்மா. அந்த வார்த்தைய மட்டும் இனி சொல்லிராத.”

மத்தியானமே மென்பொருள்காரரை போனில் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் பொத்தானின் சொல்லை மாற்றவைத்தேன். சாயந்தரம் விளக்கு வைத்ததும் அக்கா கம்ப்யூட்டர் முன் குனிந்தார். பொத்தானில் இருந்ததைச் சத்தமாகவே வாசித்துவிட்டு அழுத்தினார்.

“போயிட்டு வாரேன்.”

கல்லாவிலிருந்து முதலாளி நிமிர்ந்தார். “போயிட்டு வாம்மா” என்றார். “காலையில வெள்ளன வந்துரு.”