அக்கா, நாளை உங்களுக்குக் கண் பரிசோதனை

தூத்துக்குடியில் ஒரு கண் மருத்துவமனையில் பதிவு மேஜை என்னுடையது. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை பார்க்கும் நாட்களில் முன்பெல்லாம் பாதி நாற்காலி காலியாகவே கிடக்கும். முதல் நாளே கம்ப்யூட்டர் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு மெசேஜ் அனுப்பிவிடும். அதற்கு மேல் நமக்கென்ன என்றுதான் நான் இருந்தேன்.

எங்கள் சிஸ்டர் ஒருவரால் அப்படி இருக்க முடியவில்லை. வேம்பாரிலிருந்து வரவேண்டிய ஓர் அம்மா, உப்பளத்தில் வேலை பார்ப்பவர், மூன்றாவது முறையும் வரவில்லை. "அக்கறை இல்லாதவங்க சிஸ்டர், விடுங்க" என்றேன். அவர் என் மேஜைப் போனை எடுத்து அந்த அம்மாவைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"மெசேஜா? அது தெனம் நாலு வருது தாயி. ரீசார்ஜ் பண்ணச் சொல்லுதான்னு அழிச்சிருவேன்."

"ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோமே அக்கா?"

"அளத்துல வேலை முடியவே பதினோரு மணி ஆயிருமே. பெறவு எப்படி வர?"

சிஸ்டர் போனை வைத்தார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. அன்றே டாக்டரிடம் போய், உப்பளத்து ஆட்களுக்கு மதியம் இரண்டு மணிக்கு நேரம் கேட்டார். டாக்டர் முனகிவிட்டுச் சம்மதித்தார். மெசேஜையும் சிஸ்டரே தமிழில் எழுதினார். எழுதி, அழித்து, எனக்கு வாசித்துக் காட்டி, மறுபடி எழுதினார்.

"அக்கா, நாளை மதியம் இரண்டு மணிக்கு உங்களுக்குக் கண் பரிசோதனை. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சொட்டு மருந்து விட்டால் கொஞ்ச நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் போதும்."

அடுத்த வாரம் அந்த அம்மா தன் தங்கச்சியோடு வந்து நின்றார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ நான். நானே வாசிச்சேன். அக்கான்னுல்லா போட்டிருந்திய, வராம இருக்க முடியுமா?"

இடது கண்ணில் ரத்தக் கசிவு தொடங்கியிருந்தது. லேசர் வைத்து அதை நிறுத்தினார்கள். வலது கண்ணில் ஏற்கெனவே போயிருந்த பார்வை போனதுதான். "முன்னாடியே வந்திருந்தா..." என்று டாக்டர் ஆரம்பித்தார். "இப்ப வந்துட்டாங்கல்ல டாக்டர்" என்றார் சிஸ்டர்.

இன்றும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. ஆனால் வர முடியாதவர்கள் மிஸ்டு கால் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டு நேரத்தில்தான் வரும். சிஸ்டர் டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுவார். "எப்ப வர முடியும்னு நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்பார். அவர்கள் சொல்லும் நாளை நான் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்வேன்.