மாமாவின் எஞ்சினில் இருந்த அழுக்கு

ஒரகடத்தில் கார் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. என்ன வேலை தெரியுமா? தூசி தேடுவது. பெயிண்ட் அடித்து வரும் ஒவ்வொரு கார் பாடியையும் வெளிச்சத்துக்கு அடியில் நின்று தடவிப் பார்த்து, கடுகில் பாதி அளவுக்கு ஒரு பொட்டு இருந்தாலும் வட்டம் போட்டு ஓரம் தள்ள வேண்டும். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு வந்து, பிரஷ்ஷை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பொம்மை ரயில் எஞ்சினுக்கு அழுக்கு பூசுகிறான் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். எங்கள் லைனில் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பொம்மை என்று நானே சொன்னது தப்பு. அது மாடல். நிஜ எஞ்சினை எண்பத்தேழு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, ஒரு சாண் நீளம். நம் ஊர் டீசல் எஞ்சின் அந்த அளவில் லேசில் கிடைக்காது. ஏதாவது வெளிநாட்டு எஞ்சினின் பழைய மாடலைப் பிடித்து, மூக்கை அறுத்து, டிரைவர் கேபினை இடம் மாற்றி ஒட்டி, பட்டி போட்டுத் தேய்த்து நம் ஊர்க்காரன் ஆக்க வேண்டும். ஓரத்துக் கைப்பிடிக் கம்பிகளுக்கு கிட்டார் தந்தி, ஹாரனுக்கு தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாவின் முனை. இந்தப் பைத்தியம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பே உண்டு.

என் மாமனார் நிஜ எஞ்சினே ஓட்டியவர். கூட்ஸ் வண்டி டிரைவர். ரிட்டயர் ஆகிற நாளில் எஞ்சினுக்கும் டிரைவருக்கும் மாலை போட்டு, வீட்டு ஆட்களோடு போட்டோ எடுத்து இறக்கி அனுப்புவார்கள். மாமாவுக்கு அந்தக் கடைசி ஓட்டமே வரவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. மாமி முன்னமே இல்லை. அதனால் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு அவரைக் கூட்டி வந்துவிட்டோம். அவரிடம் மிச்சம் இருந்தது ‘தா’ என்கிற ஒரு சத்தம்தான். பசிக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், சிரிப்புக்கும் அதுதான்.

அவர் ரொம்பப் பிரியமாக ஓட்டிய எஞ்சின் ஒன்று உண்டு. அதையும் கழித்துக்கட்டி, உடைத்து, இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அதையே செய்து கொடுப்போம் என்று ஆரம்பித்தேன். சிவப்பு அடித்து, எண் எழுதி, பளபளவென்று கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினேன். என் மனைவி பார்த்து மலைத்துப் போனாள். மாமாவோ இடது கையால் தள்ளிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிறகு பழைய போட்டோ ஒன்றை எடுத்துக் காட்டினேன். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அவர் எட்டிப் பார்க்கும் படம். அதில் எஞ்சின் மேலே படிந்திருந்த கரியின் மேல் விரலை வைத்து அழுத்தினார். அப்போதுதான் புரிந்தது. யாரோ கழுவி நிறுத்திய எஞ்சின் அவருக்கு வேண்டாம். அவர் விட்டுவிட்டு வந்த எஞ்சினை, விட்டுவிட்டு வந்த மாதிரியே ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மனைவிக்குச் சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காலை ஷிஃப்ட், எனக்கு மதிய ஷிஃப்ட். அவள் பஸ் ஏறிப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் உட்காருவோம். ரகசியம் ஒன்றும் இல்லை, ஷிஃப்ட் அப்படி. முடித்ததும் எஞ்சினை பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிடுவேன். நான் கரித்தூளைத் தொட்டு ஒற்றிக் காட்டுவேன். தப்பு என்றால் ‘தா தா’ என்று கத்துவார். சரி என்றால் கண்ணை மெல்ல மூடுவார். புகைபோக்கிக்குப் பின்னால் எண்ணெய் வழிந்த கோடு, சக்கரப் பக்கம் செம்மண், படிக்கட்டில் துரு. ஒன்றிலும் விட்டுக்கொடுக்க மாட்டார் மனுஷன். சூப்பர்வைசர் கெட்டான் போங்கள்.

ஒரு இடம் மட்டும் பிடிபடவே இல்லை. கேபின் ஜன்னலுக்குக் கீழே. கரி கூட்டினேன், குறைத்தேன், துரு வைத்தேன். எல்லாவற்றுக்கும் ‘தா தா’தான். எனக்கே கடுப்பாகிவிட்டது. கடைசியில் அவர் இடது முழங்கையைக் கட்டில் சட்டத்தின் மேல் ஊன்றி, முன்னும் பின்னும் தேய்த்தார். அட! அங்கே அழுக்கே கிடையாது. வருஷக்கணக்காக அவர் முழங்கை தேய்த்துத் தேய்த்து மினுங்கிப்போன இடம் அது. பஞ்சால் கரியைத் துடைத்து, உள்ளே இருந்த சிவப்பை லேசாக மினுக்கிக் காட்டினேன். கண்ணை மூடினார். ரொம்ப நேரம் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

இனி ஒரே ஒரு பூச்சுதான் பாக்கி. கரித்தூளும் செம்மண்ணும் துருப்பொடியும் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பவை. ஈரத்துணி பட்டால் போய்விடும். மேலே மங்கல் வார்னிஷ் அடித்தால்தான் நிற்கும். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துப்போகும், பெயிண்ட் ஷாப்காரனுக்கு இது கூடவா தெரியாது? வெயில் வரட்டும் என்று டப்பாவை மூடி வைத்தேன்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கம்பெனியில் லைனை நிறுத்தி, மிஷின் எல்லாம் துடைத்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்தோம். என் கையாலேயே ஸ்ப்ரே கன்னைத் துடைத்துப் பொட்டு வைத்தேன். மத்தியானம் பொரியும் ஸ்வீட் பாக்கெட்டுமாக வீட்டுக்கு வந்தேன். மனைவிக்கு அன்றைக்கு லீவு.

டிவி ஸ்டாண்டில் வாழை இலை. அதன் மேல் எஞ்சின், கடையில் வாங்கியது போலப் பளபளத்தது. மூக்கில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம், புகைபோக்கியில் ஒரு கிள்ளு மல்லிகை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் பெரிசு என்று சுண்டைக்காய் வைத்திருந்தாள். கைப்பிடிக் கம்பி ஒன்று வளைந்திருந்தது. கரி இல்லை, துரு இல்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்த அந்த இடம் எது என்றே தெரியவில்லை, எல்லாமே அதைப் போல மினுங்கியது.

“கஷ்டப்பட்டு செஞ்சிட்டு இன்னாங்க இப்டி தூசும் கரியுமா போட்டு வெச்சிகினு கீறீங்க? பழைய பிரஷ்ஷால தேச்சி எடுத்தேன்,” என்றாள். “சின்ன வயசுல ஆயுத பூஜைக்கு அப்பா என்னை ஷெட்டுக்கு இட்டுகினு போவாரு. எஞ்சினு இப்டித்தான் நிக்கும்.”

அவள் அந்த எஞ்சினைக் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் வருஷத்துக்கு அந்த ஒரு நாளில்தான். இது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

“அப்பா பக்கத்துல உக்காந்துகினுதான் தொடச்சேன். ஒரே அழுவை. தா தான்னு கத்திகினு, கையை நீட்டி நீட்டி கேட்டாரு. இருப்பா, பூ வெச்சிட்டு தரேன்னு சொன்னேன். சந்தோசம் தாங்கல அவருக்கு.”

உள்ளதைச் சொல்லிவிட வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மாமாவின் இடது கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தேன். கண் சிவந்து வீங்கியிருந்தது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். பொரிப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டினேன். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

மறுபடி பூசினால் ஆயிற்று என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயில் வந்த ஒரு காலையில் கரித்தூளோடு போய் உட்கார்ந்தேன். அவர் பிரஷ்ஷைத் தள்ளிவிட்டார். கொடியில் காயும் அவளுடைய யூனிஃபார்மைக் காட்டினார். அழுக்கு திரும்ப வந்தால் ஏன் என்று அவள் கேட்பாள். அன்றைக்கு அப்பா எதற்கு அழுதார் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதை அவள் தாங்க மாட்டாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும்.

இப்போது எஞ்சின் டிவி பக்கத்திலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் துடைத்துப் பொட்டு வைக்கிறாள். போன வாரம் துடைத்துவிட்டு அவர் முகத்துக்கு நேரே பிடித்து, “நல்லா கீதாப்பா?” என்று கேட்டாள். அவர் ஜன்னலுக்குக் கீழே ஒரு தடவை பார்த்தார். அப்புறம் கண்ணை மெல்ல மூடினார்.

“இன்னா சொல்றாரு?” என்று என்னிடம் கேட்டாள்.

“சரியா இருக்காம்,” என்றேன்.