சுண்ணாம்புக் கட்டத்துக்குள் ஆறடி ஐந்து அங்குலம்

சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எங்கள் பி.டி. மாஸ்டர் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவோடு கூடைப்பந்து மைதானத்துக்கு வருவார். டப்பாவின் அடியில் ஆணியால் போட்ட ஓட்டைகள். உள்ளே சுண்ணாம்புப் பொடி. கூடைக்குப் பக்கவாட்டில் குனிந்து நாலடிக்கு நாலடி ஒரு கட்டம் போடுவார். அது என் மாப்பிள்ளைக்காக. பந்தைத் தட்டிக்கொண்டு அவன் அந்தக் கட்டத்தை விட்டு வெளியே வந்தால், அணி முழுக்கப் பத்துச் சுற்று ஓட வேண்டும். "நீ இங்கனயே நில்லு. பந்து ஒன்னயத் தேடி வரும். கையத் தூக்கு, போடு. தட்டுற சோலியெல்லாம் ஒனக்கு எதுக்கு?" என்பார். அந்தக் கட்டத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாப்பிள்ளை என் தாய்மாமன் மகன். என்னைவிட இரண்டு வயது இளையவன். மாமாவுக்கு மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி வேலை. பையன் போடியில் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தான். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் ஆறடி ஐந்து அங்குலம். பஸ்சில் கழுத்தை மடக்கித்தான் நிற்பான். எங்கள் வட்டாரத்தில் அவனுக்கு மேல் உயரமானவன் கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று. கம்பத்து அணி வந்தாலும் மதுரை அணி வந்தாலும் நான் பந்தைத் தட்டிக்கொண்டு போய் அவன் கைக்கு எறிவேன், அவன் போடுவான், கோப்பை எங்களுக்கு. பயிற்சி முடிந்ததும், "மச்சான், அந்தத் தட்டு எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடேன்" என்று எத்தனையோ நாள் கேட்டான். "ஏணிக்கு எதுக்குடா ஓட்டம்?" என்று கேலி பேசிவிட்டுச் சைக்கிளை எடுப்பேன். அந்தக் கோப்பைகளின் சான்றிதழ்களைக் காட்டித்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு அரசு வேலை கிடைத்தது.

சென்னையில் ஒரு போட்டியில் அவனைப் பார்த்த ஏஜெண்டு ஒருவர், கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டின் லீக்கில் அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். ஊரே ஃபிளெக்ஸ் வைத்தது. படத்தில் மாஸ்டர் தோளில் கைபோட எட்டாமல் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் அங்கே போய்ச் சேர்ந்த பத்தாம் நாள் எனக்குப் போன் வந்தது. "மச்சான், இங்கன நாந்தேன் குட்டை" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். என்ன புத்தி எனக்கு!

அவன் சொன்னதன் அர்த்தம் அவன் திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. அங்கே கூடைக்கு அருகில் நிற்பவர்களெல்லாம் ஏழடிக்காரர்கள். இவன் உயரத்தில் இருப்பவர்கள்தான் பந்தைத் தட்டி ஆட்டத்தை நடத்த வேண்டும். முதல் நாளே பந்தை இவன் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு உள்ளூர்ப் பையன் நெருங்கி வந்ததும் மூன்றாவது தட்டில் பறிகொடுத்திருக்கிறான். மறுபடியும், மறுபடியும். ஓர் அணியில் வெளிநாட்டுக்காரர் இரண்டே பேர்தான் ஆடலாமாம். அப்படியென்றால் வந்தவன் உள்ளூர்க்காரனைவிடத் தேர்ந்தவனாக இருக்க வேண்டாமா? ஏழாவது வாரம் டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஏலக்காய் தரம் பிரிக்கிற மாதிரிதான். எங்கள் சல்லடையில் மேலே நின்றவன் அவர்கள் சல்லடையில் கீழே விழுந்துவிட்டான்.

வந்தவனை ஊர் என்ன பேசியது தெரியுமா? "சோத்துக்கு ஏங்கி ஓடியாந்துட்டான்." மாஸ்டர் இன்னும் ஒரு படி மேலே போனார். "அவனுக்குக் குடுப்பின இல்லப்பா" என்று உச்சுக் கொட்டினார். என்ன கொடுப்பினை? ஏழு வருஷம் தினம் தினம் கோடு போட்டு உள்ளே நிறுத்திய மனிதர் விதியைக் கைகாட்டுகிறார்! நம் பிள்ளைகள் வெளிநாட்டு லீக்கில் நிலைப்பதில்லையே என்று பேசுகிற யாரைக் கண்டாலும் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது. கோப்பை உடனே வேண்டும் என்று ஒருவனைத் தூணாக நட்டுவைத்தோம். அவன் நாளைக்கு என்ன ஆவான் என்று நாங்கள் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

இப்போது அவன் ஜீப்பு ஓட்டுகிறான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற லோடு. போன மாதம் குரங்கணிக்கு ஒரு வேலையாக அவனோடு போனேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, தலையைக் குனிந்து ஓட்டிக்கொண்டிருந்தான். இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன்.

"எங்க மேல ஒனக்குக் கோவமே இல்லயா மாப்ளே?"

கியரை மாற்றினான். "கோவப்பட்டு என்ன செய்ய மச்சான்? அங்கனயிருந்து கெளம்புற அன்னிக்கு அந்தக் கோச்சு கேட்டாரு, ஒங்க ஊர்ல பந்து தட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூடவா இல்லன்னு. இல்லன்னு சொல்லிட்டேன்."

ஒரு வளைவு தாண்டிய பிறகு அவனே சொன்னான்.

"இருக்கான்னு சொன்னா, பெறகு ஏன் ஒனக்குச் சொல்லிக் குடுக்கலன்னு கேப்பாருல்ல?"