சீமெந்து பூசிய அறை

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் தங்கச்சி பழைய கல்வீடு வாங்கியபோது, மேல்மாடியில் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கினாள். வேலையை விட்டுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். நான் கனடாவில், ஸ்காபரோவில் அண்ணையின் வீட்டுப் பேஸ்மென்டில் இருக்கிறேன். மிசிசாகாவில் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. பஸ் மாறி மாறிப் போய் வந்தால் சப்பாத்தைக் கழற்றக்கூடக் குனிய முடியாது. வருகிறேன் என்று உடனேயே சொல்லிவிட்டேன். வேலையிடத்திலும் நிற்கப்போவதாக அறிவித்துவிட்டேன்.

அந்த அறையைப் போனில்தான் பார்த்தேன். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அதனால் யன்னல் குழிக்குள்ளேயே ஆள் ஏறி உட்காரலாம். கூரை மரங்களை வளைந்தது வளைந்தபடியே வைத்திருந்தார்கள். வாசல் நல்ல பதிவு, நிமிர்ந்தால் தலை இடிக்கும். அந்தக் காலத்து வெள்ளைக்காரனும் குனிந்துதான் போயிருக்கிறான் என்று சிரித்தேன். என் பேஸ்மென்ட் யன்னலில் போகிறவர் வருகிறவரின் கால்கள்தான் தெரியும். அந்தக் கல் யன்னலில் இருந்து ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும் என்றிருந்தது.

அண்ணைக்கு இங்கே வீடு திருத்துகிற தொழில். கல்லிடுக்கில் சுண்ணாம்பு உதிர்வதை வீடியோவில் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. சீமெந்து பூசினால்தான் அது வீடு என்பது எங்கள் ஆட்களின் வேதம். பழைய வீடு, யாரையாவது கேட்டுச் செய்வோமா என்று தங்கச்சி இழுத்தாள்.

"உது என்ன கோயிலே, கேட்டுக்கொண்டு நிக்க? உள்ளுக்கும் வெளியிலையும் பூசிவிடு," என்றார்.

அவளும் பூசுவித்தாள். மாரி வந்தது. கல்லுக்குள் போன ஈரம் வெளியேற வழியில்லாமல் என் அறைக்குள் இறங்கியது. சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம். பார்க்க வந்த கட்டடக்காரர், இந்தச் சுவர் சுண்ணாம்பு வழியாகத்தான் மூச்சு விடும், நீங்கள் மூக்கைப் பொத்திவிட்டீர்கள் என்றாராம். சீமெந்து முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரைத் தானாகக் காயவிட வேண்டும்.

அதைக் கேட்ட அண்ணை காரைக் கழுவப் போய்விட்டார். எனக்குக் கோபம்தான். சண்டை பிடிக்கத் தென்பில்லை. எப்போது காயும் என்று தங்கச்சியைக் கேட்டேன்.

"கன காலம் செல்லுமாம் அக்கா. கல்லை அவசரப்படுத்தேலாதாம்."

"கல்லு பொறுக்கும். என்ரை முழங்கால் பொறுக்காதடி."

அவள் அழுதாள். எனக்கு அழுகையும் வரவில்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய், நான் வேலையை விட்டு நிற்கவில்லை, தொடர்ந்து வருகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். உடனே புதுச் சீருடை இரண்டு எடுத்துத் தந்தார்.