சென்றாயன் நட்ட ஆறடி டிஷ்

கொல்லிமலைச் செம்மேட்டில் டிஷ் சென்றாயன் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். ஆளுக்கு வாய் கொஞ்சம் நீளம். "எடப்புளி நாட்டுல நான் ஏறாத கூரை இல்லீங்க" என்பான். அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நிஜம்தான். மரவள்ளிக் காட்டில் அப்பனுக்குத் துணையாக இருக்கப் பிடிக்காமல் பதினெட்டு வயதில் நாமக்கல்லுக்கு இறங்கி, ஒரு கேபிள் கடையில் வேலை கற்றுத் திரும்பி வந்தவன். இப்போது ஐம்பதைத் தொடப்போகிறான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைதான் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் ஒளிந்து திரிந்தான். அவன் கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது என்பதால் எனக்கு எல்லாம் தெரியும்.

நர்ஸ் ரோஸ்லின் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். வேலை மாற்றலாகி எடப்புளி நாட்டு ஊர் ஒன்றுக்கு வந்தபோது அப்பா ஸ்டீபனையும் கூட அழைத்து வந்தார். படகில் காலம் கழித்தவர். இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர்கள் ஊர்ப் பக்கத்துச் சின்ன சானல் ஒன்றில், காலை ஆறு மணிக்குக் கடற்கரை ஊர்களில் இறந்தவர்களின் பேர்களை வாசிப்பார்களாம். அதைக் கேட்க வேண்டும்.

"எங்கூர்ல ஒருத்தர் செத்தா கோயில்ல மணி அடிப்பாவ மக்கா. கேட்டவன் எந்திரிச்சு நின்னு செபம் சொல்லணும். இங்க எனக்கு எந்த மணியும் கேக்கல. கூட வலை இழுத்தவன் போயிருப்பான், நான் இங்க கஞ்சி குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றார் சென்றாயனிடம்.

போனில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் போன் பேசவே பாறை மேல் ஏற வேண்டும். ரோஸ்லின் ஏறி விசாரித்து வந்து சொல்வதற்குள் ஆளைப் புதைத்து நாலு நாள் ஆகியிருக்கும்.

"ரெண்டே நாளுங்கய்யா. கேட்டுப்புடலாம்" என்று சொல்லிவிட்டு வந்தான் சென்றாயன். அது ஆடி மாதம்.

அந்தச் சானல் நம் வீடுகளில் இருக்கும் சின்ன டிஷ்ஷில் வராது. வேறு சாட்டிலைட். ஆறடி டிஷ்ஷைத் தென்மேற்கே பார்த்து நிறுத்த வேண்டும். நர்ஸ் வீட்டுக்குத் தென்மேற்கே நிற்பது பக்கத்து வீட்டுச் சாமியாத்தாளின் பலாமரம். வாசலில் வைத்தான், கூரையில் வைத்தான், கொல்லையில் வைத்தான். சிக்னல் வரவில்லை. இரண்டு கிளையை மட்டும் கழிக்கலாமா என்று ரோஸ்லின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மொளகுக் கொடி ஏறியிருக்குதுங்க நர்ஸம்மா. கெளைய வெட்டினா கொடியும் போச்சு. அப்புறம் நான் எதைத் திங்கறது?" என்றாள் சாமியாத்தாள். புருஷனை இழந்து தனியாக இருப்பவள். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

சென்றாயன் போகும்போதெல்லாம் கிழவர் காலடிச் சத்தத்தை வைத்தே, "சானல் வந்துட்டா மக்கா?" என்று கேட்பார். இவன் அந்தப் பக்கம் போவதையே விட்டான். எனக்குக் கோபம் வந்தது. வாக்குக் கொடுக்கும்போது இருந்த வேகம் பதில் சொல்லும்போது எங்கே போயிற்று என்று முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"புரட்டாசி வரட்டுங்க" என்றான்.

வருடத்தில் இரண்டு தடவை, சில நாட்களுக்கு, சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். அப்போது சில நிமிடம் டிவியில் படம் போய்விடும். ஊரெல்லாம் இவனைத்தான் திட்டும். திட்டு வாங்கி வாங்கி இவன் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். அந்த நேரத்தில் எந்த இடத்தில் வெயில் விழுகிறதோ, அந்த இடத்துக்குச் சாட்டிலைட் தெரியும். கிழவருக்கு வேண்டிய சாட்டிலைட்டுக்கு அது புரட்டாசி இரண்டாம் வாரம், பகல் ஒரு மணி. நாலைந்து நாள்தான் கணக்கு. அதற்குள் வெயில் வந்தால் உண்டு.

முதல் மூன்று நாளும் மேகம் விலகவில்லை. நாலாம் நாள் நானும் போனேன். ஒரு மணிக்கு மேகம் கலைந்தது. பலாமரத்து நிழல் எங்கும் அப்பிக்கிடக்க, நடுவே ஒரு கட்டில் அளவுக்கு மட்டும் வெயில் விழுந்தது. விழுந்த இடம் சாமியாத்தாள் கொல்லை. அவள் புருஷன் அர்த்தனாரியைப் புதைத்த மேடு.

அங்கே கடப்பாரை போட எப்படிக் கேட்பது? நாங்கள் முழிப்பதைப் பார்த்து அவளே வந்தாள். சென்றாயன் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான்.

"அந்தப் பெரியவரு டிவில என்னதான் கேக்கப் போறாரு?"

"செத்தவங்க பேருங்க அக்கா. பேரைக் கேட்டு அவங்களுக்காகச் சாமி கும்புடோணுமாம்."

அவள் மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "சரி கண்ணு. மேட்டுல கடப்பாரை படாம தலைமாட்டுல நட்டுக்க" என்றாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பேர்கள் வந்தன. கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மூன்றாவது பேரைக் கேட்டதும் சுவரை விட்டு இரண்டு கையையும் கூப்பினார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்குச் சாமியாத்தாளும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள்.

தை மாதம் ஒரு மத்தியானம் ஸ்டீபன் இறந்துபோனார். உடலை ஏற்றிக்கொண்டு வண்டி மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கிக் கடற்கரைக்குப் போனது. ரோஸ்லின் வீட்டுச் சாவியைச் சாமியாத்தாளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே அவள் சென்றாயனுக்கு ஆள் அனுப்பினாள். டிவி போடத் தெரியாதாம், விடிவதற்குள் வர வேண்டுமாம்.

நானும் அவனும் போனோம். ஆறு மணிக்கு முதல் பேரே அவருடையதுதான். கொல்லிமலையில் காலமானார் என்று வாசித்தார்கள். சாமியாத்தாள் எழுந்து நின்றாள். நாங்களும் நின்றோம்.

"என்ன சொல்லோணும் கண்ணு?"

"தெரியலீங்க அக்கா. அவரு வாய்க்குள்ளயே சொல்லிக்குவாரு."

"போயிட்டு வாங்கய்யா" என்று அவள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள். சென்றாயன் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை நிறுத்த ரிமோட்டை எடுத்தான்.

"இரு சாமி" என்றாள்.

அடுத்தது யாரோ ஒரு பெண்ணின் பேர். அதற்கடுத்தது ஒரு பையன். அன்றைக்கு ஏழு பேர் வாசித்தார்கள். ஏழு பேருக்கும் சாமியாத்தாள் நின்றாள்.