நீதிபதியின் காலி அலமாரி

முப்பத்தொரு வருடம் துபாயின் தேரா பகுதியில் சட்ட மொழிபெயர்ப்பாளராக முத்திரை குத்தியவன் நான். பக்கத்து எமிரேட்டின் ஃபெடரல் முதல்நிலை நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி படிப்படியாக ஏறியதை அருகிலிருந்து பார்த்தேன். வேறொரு அரபு நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர். முதலில் போக்குவரத்து வழக்குகள், பிறகு தொழிலாளர் வழக்குகள், பிறகு சிவில். மேல்முறையீட்டில் கவிழ்ந்த தீர்ப்பு ஒன்றுகூட அவருக்கு இல்லை என்று வக்கீல்கள் வியப்பார்கள். தீர்ப்பே எழுதாதவருடைய தீர்ப்பை யார் கவிழ்ப்பது? மறுதரப்பு பதில் தரட்டும் என்பார், நிபுணர் அறிக்கை வரட்டும் என்பார், கடைசியில் இது என் அமர்வுக்கு உரியதல்ல என்று வேறிடம் அனுப்பிவிடுவார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு கன்னியாகுமரிக் கடற்கரையைச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி அவரிடம் மாட்டினாள். நோயாளிகளின் பட்டியலைத் திருடிக்கொண்டு போனாள் என்று அவளுடைய பழைய கிளினிக் வழக்குப் போட்டு, பயணத்தடையும் வாங்கியிருந்தது. தடையை நீக்கக் கேட்ட மனு இரண்டு முறை தள்ளிப் போயிற்று. ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று.

காணொளியில் நடந்த மூன்றாவது விசாரணைக்கு என் ஆபீஸ் கணினியின் முன் இருவரும் உட்கார்ந்தோம்.

"சார், சர்ச்சு கோயில்ல ரெண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசிச்சாச்சு. மூணாவதும் வாசிச்சா, மாப்பிள்ள தனியா நின்னு தாலி கட்டுவாரா?"

"நான் உன் மொழிபெயர்ப்பாளன்மா. சாமியார் இல்ல."

திரையில் நீதிபதி வந்தார். வழக்கமாக அவருக்குப் பின்னால் தங்க எழுத்துப் பொறித்த சட்டப் புத்தகங்கள் நிற்கும். அன்று அலமாரி காலி. கீழே டேப் ஒட்டிய அட்டைப்பெட்டிகள். வக்கீல்கள் பேசிக்கொண்டது உண்மைதான்: பதவி உயர்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகிறார்! போகிறவர் தேங்கிய கோப்புகளை விட்டுச் சென்றால் அவருடைய பணிக்குறிப்பில் கறை. அந்த ஒரு வாரம்தான் அவர் கை எழுதும்.

மொழிபெயர்ப்பாளர் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது. அந்த விதியின் எண்கூட எனக்கு மனப்பாடம். மைக்கை மூடிவிட்டுச் சொன்னேன்.

"ஓலை, மாப்பிள்ள எல்லாம் பேசாத. இன்னிக்கே உத்தரவு வேணும்னு மட்டும் கேளு. அழாத."

கேட்டாள். நான் அரபியில் சொன்னேன். நிபுணர் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "தடை நீக்கப்படுகிறது. அடுத்த வழக்கு." இரண்டு மாதம் முடியாதது இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"கலாஸா சார்?"

"கலாஸ், முடிஞ்சது. கிளம்பு, அவங்க அப்பீல் போறதுக்குள்ள."

கிளினிக் மேல்முறையீடு செய்தது. கோப்பு போய் விழுந்த அமர்வில் அவரே இருந்தார். அந்த உத்தரவு தாமே போட்டது என்பதால் தாம் விசாரிக்க இயலாது என்று ஒரே வரியில் விலகிக்கொண்டார். விதிப்படி மிகச் சரி. அவருக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

அதற்குள் அவளுடைய கல்யாணப் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "ஜட்ஜுக்கும் ஒண்ணு அனுப்பட்டா சார்?" என்று கேட்டிருந்தாள்.

"வேண்டாம்மா. நிஜக் கல்யாணந்தானான்னு நிபுணர் அறிக்கை கேப்பார்."