மேரி அக்காவின் அளவு

மகளின் ஆங்கிலப் பாடத்தில் ‘எக்சீட்’ என்ற சொல் வந்தது. “குறித்த அளவைத் தாண்டுறது” என்றேன். சரிதானா என்று அகராதியையும் பார்த்துக்கொண்டேன்.

“யார் மாதிரிம்மா?”

வெளியே தேயிலைக் கொழுந்து லோரி போனது. பச்சை வாசனை சன்னலில் ஏறியது.

நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா நிறைமாதத்திலும் கொழுந்து எடுத்தார். அளவு குறைந்தால் அரைக் கூலிதான். யாரையும்விட வேகமாக எடுக்கும் மேரி அக்கா, நிறுக்கப் போகுமுன் தன் சாக்கிலிருந்து அள்ளி அள்ளி அம்மாவின் சாக்கில் போடுவார்.

“போதும் மேரி, உனக்குக் குறையும்லா!”

“உங்க வயித்துல இருக்கிறவனுக்கும் சேத்துதான் எடுத்தேன். பேசாம நடங்கக்கா!”

தராசில் இருவருக்கும் அளவு சரியாக நிற்கும். நான் வாய்பிளந்து பார்ப்பேன்.

உதாரணம் தப்போ என்று தயங்கினேன். கணக்கெழுதும் கிராணியின் புத்தகத்தில் மேரி அக்கா ஒருநாளும் அளவைத் தாண்டியதில்லை.

“மேரி அக்கா மாதிரி” என்றேன்.